எண்ணெய் வர்ணத்தில் என் முகம்: போட்டோவைப் பார்த்து வரைவதா, கண்ணாடியைப் பார்த்து வரைவதா?

இஸ்தோப்பு_வெளிச்சம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன், வேலை டவுனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில். உயர்தரத்தில் சித்திரம் ஒரு பாடமாகச் செய்தேன், ஆனால் அங்கே போஸ்டர் கலரும் வாட்டர் கலரும்தான். எண்ணெய் வர்ணத்தைக் கையில் எடுத்தது போன வருஷக் கடைசியில்தான். முதலில் ஒரு பூசணிக்காய், ஒரு கேத்தல், பிறகு ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) போகிற வழியில் உள்ள பாலம். இப்போது என்னையே வரைய ஆசை.

முதல் படத்தை போனில் எடுத்த செல்பியைப் பார்த்து வரைந்தேன். ஸ்டூடியோவிலேயே ஏ4 அளவில் பிரின்ட் போட்டு, அதன் மேல் கட்டம் போட்டு, 16க்கு 20 அங்குலக் கேன்வஸுக்குக் கொண்டுபோனேன். மூன்று கிழமை இரவுகள் போனது. கண், மூக்கு, வாய் எல்லாம் அதனதன் இடத்தில் வந்துவிட்டது. பக்கத்து காம்பராவில் இருக்கும் அக்கா பார்த்துவிட்டு "ஐடென்டி கார்டுப் படம் மாதிரியே இருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று அந்தியில் அம்மா மலையிலிருந்து வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "ஏன் உன்னை வெள்ளையாக்கி வச்சிருக்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வேண்டுமென்று வெள்ளையாக்கவில்லை, பிரின்டில் இருந்த நிறத்தைக் கலந்து பார்த்துப் பார்த்துத்தான் வைத்தேன். பிறகு போனை எடுத்துப் பார்த்தால் முகத்தை மழுப்புகிற அந்த பியூட்டி செட்டிங் தானாகவே போட்டுக் கிடக்கிறது. அதோடு நான் ஸ்டூடியோவில் ஒரு நாளைக்கு இருபது முப்பது முகங்களுக்கு அதே வேலையைத்தான் செய்கிறேன். பருவை எடுக்கிறது, கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பை எடுக்கிறது, அப்படியே முகத்தையும் இரண்டு படி வெளுப்பாக்குகிறது. பாதிப் பேர் கேட்டு வாங்குகிறார்கள், மீதிப் பேருக்குக் கேட்காமலே செய்து கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அதைச் செய்து செய்து எனக்கு என் நிறமே கண்ணில் தெரியாமல் போய்விட்டதோ என்று அன்று இரவு பயமாக இருந்தது.

சரி என்று அல்மாரிக் கண்ணாடியைக் கழற்றி இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) சாய்த்து வைத்து இரண்டாவது படம் தொடங்கினேன். இது வேறு மாதிரிக் கஷ்டம். கண்ணாடியில் தெரிந்த அளவையே கேன்வஸில் போட்டதில் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி குறுகி நிற்கிறது. ஒவ்வொரு தடவை கேன்வஸைப் பார்த்துத் திரும்பும்போதும் தலை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு மணிக்கு மூட்டம் இறங்கினால் வெளிச்சம் முழுக்க மாறிவிடுகிறது. கண்கள் யாரையோ முறைக்கிற மாதிரி வருகின்றன. எனக்கு ஞாயிறும் போயா (பௌர்ணமி) விடுமுறையும்தான் பகலில் நேரம், மற்ற நாளில் காலையில் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு மணித்தியாலம்.

இரண்டில் எதை விடாமல் பிடித்துக்கொள்வது? போட்டோவைப் பார்த்து வரைவது குறுக்கு வழி என்று எங்கள் சித்திர மிஸ் சொல்வார், அது உண்மையா?


மகாவலிக்கரை எழுதியது:

தங்கச்சி, உங்கள் அம்மாவின் கண் நல்ல கண். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கண்டி. முப்பது வருஷத்துக்கு மேல் பிரஷ் பிடித்த கை, கடைப் போர்டில் தொடங்கி கோயில் சுவர் வரை செய்துவிட்டு அப்புறம்தான் கேன்வஸுக்கு வந்தேன். என் பதில் கண்ணாடிதான். ஆனால் நீங்கள் சொன்ன கஷ்டங்கள் எல்லாமே கண்ணாடியை வைக்கிற முறையால் வருகிறவை, அதைச் சரிப்படுத்தலாம்.

முகம் சிறுத்ததற்குக் காரணம் இது. கண்ணாடியின் மேல் தெரிகிற உங்கள் முகம் உண்மை முகத்தில் சரியாகப் பாதி. நீங்கள் கிட்டப் போனாலும் தள்ளி நின்றாலும் பாதிதான். நம்ப மாட்டீர்கள், எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சவர்க்காரத் துண்டால் கண்ணாடி மேலேயே உங்கள் தலையைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள், பிறகு அந்தக் கோட்டை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். உச்சியிலிருந்து நாடி வரை 11 சென்டிமீற்றர் அளவில் வரும், உங்கள் தலையோ 22 இருக்கும். நீங்கள் இரண்டு அடி தள்ளி நின்றால் கண்ணாடிக்குள் இருப்பவர் நான்கு அடி தள்ளி நிற்கிறார், அதுதான் கணக்கு. ஆகவே அளவை அங்கிருந்து எடுக்காதீர்கள். முகத்தின் உயரத்தைக் கேன்வஸில் முதலில் நீங்களே தீர்மானித்து இரண்டு கோடு போட்டுவிட்டு, அதற்குள் விகிதத்தை மட்டும் கண்ணாடியிலிருந்து எடுங்கள்.

அந்த சவர்க்காரக் கோட்டை அழிக்கவும் வேண்டாம். நாடியும் இரண்டு கண்ணும் வருகிற இடத்தில் மூன்று புள்ளி வைத்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் தலையைக் கொண்டுபோய் அந்தப் புள்ளிகளில் பொருத்திவிட்டு வேலையைத் தொடரலாம். கண்ணாடியையும் கேன்வஸையும் ஒட்டினாற்போல ஒரே உயரத்தில் வையுங்கள், கண் மட்டும் நகர வேண்டும், கழுத்து திரும்பக்கூடாது. இஸ்தோப்பில் தரையில் சாய்த்து வைத்தால் குனிந்துதான் பார்ப்பீர்கள், முறைக்கிற பார்வை பாதி அதனால் வருகிறது. மீதிப் பாதி, கண்ணையே முதலில் வரைவதால். கண்ணைக் கடைசிக்கு விடுங்கள். நெற்றி, கன்னம், கண் குழியின் நிழல் எல்லாம் உட்கார்ந்த பிறகு கண்ணில் வைக்க அதிகம் மிச்சம் இருக்காது.

வெளிச்சத்துக்கு வருகிறேன். ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு ஜன்னலைத்தான் சொல்லும், அந்தப் பக்கம் வெயில் நேராக விழாது என்று. அது அவர்கள் நாட்டுக்குச் சரி. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகையில்தான். ஏப்ரல் இரண்டாம் கிழமை அளவில் சூரியன் நம் தலைக்கு மேலே வந்து வடக்கே போய்விடும், செப்டம்பர் தொடக்கத்தில்தான் திரும்பி வரும். அந்த ஐந்து மாதமும் வடக்கு ஜன்னலில்தான் காலையும் மாலையும் வெயில் சாய்ந்து விழும். மற்ற ஏழு மாதத்துக்குத்தான் புத்தகத்தில் சொன்னது பொருந்தும். ஹட்டன் பக்கம் மே தொடக்கம் தென்மேல் பருவ மழையும் மேகமும் இருப்பதால் அந்தக் காலத்தில் எந்தப் பக்கத்து வெளிச்சமும் மென்மையாகத்தான் வரும், நீங்கள் குறை சொல்கிற அந்த மூட்டம் உண்மையில் முகம் வரைகிறவருக்கு வரம். வெயில் விழுகிற நாளில் ஜன்னலில் ஒரு வெள்ளைத் துணி கட்டினால் போதும். காலை வேளைக்கு ஒரு கேன்வஸ், மூட்டம் இறங்கிய பிறகுக்கு ஒரு கேன்வஸ் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றின் மேல் மற்றதின் வெளிச்சத்தைப் பூசாதீர்கள்.

நிறம். இதில்தான் எனக்கு மனதில் நிறைய இருக்கிறது. நம் நிறத்தை வரைய நிறைய டியூப் வேண்டாம். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் (சிவப்பு), ஐவரி பிளாக் (கறுப்பு), வெள்ளை என்று நான்கே வர்ணத்தில் முகங்களைச் செய்தார் என்பது ஊரறிந்த விஷயம். நான் நமக்காக அதில் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறேன்: எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் நீலம், டைட்டேனியம் வெள்ளை. நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள், சியன்னாவும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் உயிருள்ள இருட்டு வரும். வெளிச்சம் பட்ட இடத்துக்கு வெள்ளையை அள்ளிப் போடாதீர்கள், நம் தோலில் வெள்ளை கூடினால் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும், முதலில் ஓக்கரால் ஏற்றிப் பாருங்கள். நெற்றியிலும் மூக்கின் மேலும் வருகிற பளபளப்பு மட்டும் வேறு, அது தோலின் நிறமே இல்லை, ஜன்னலுக்கு வெளியே இருக்கிற ஆகாயத்தின் நிறம். மூட்ட நாளில் அது நீலம் கலந்த சாம்பலாக இருக்கும். கறுத்த முகத்தில்தான் அது அழகாகத் தெரியும்.

கலந்த வர்ணத்தைப் பேலட் நைஃப் (வர்ணம் கலக்கிற கத்தி) நுனியில் எடுத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். வர்ணமும் கன்னமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். கூடவா குறையவா, சிவப்பா பச்சையா என்று உடனே தெரிந்துவிடும். உங்கள் நிறம் உங்களுக்குத் தெரியாமல் போகவில்லை தங்கச்சி, போட்டோவோடு மட்டுமே ஒப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

கண்ணாடி இடம் வலம் மாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். வான் கோ 1888 டிசம்பரில் அறுத்துக்கொண்டது இடது காதை, ஆனால் அடுத்த மாதம் வரைந்த படத்தில் கட்டு வலப்பக்கம் இருக்கிற மாதிரித் தெரியும், கண்ணாடியில் தெரிந்ததை அப்படியே வைத்தார். அவர் தன்னை அவ்வளவு தடவை வரைந்ததே மாடலுக்குக் கொடுக்கக் காசு இல்லாமல்தான், அதற்காகவே நல்ல கண்ணாடி ஒன்று வாங்கியதாகத் தம்பிக்கு எழுதியிருக்கிறார். ரெம்பிராண்ட் கடைசிக் காலத்தில் இரண்டு வட்டங்களுக்கு முன் நிற்கிற மாதிரி வரைந்த படம் லண்டன் கென்வுட் ஹவுஸில் இருக்கிறது, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது முதலில் கண்ணாடியில் தெரிந்தபடியே பிரஷையும் பேலட்டையும் கை மாற்றி வைத்து, பிறகு அழித்துச் சரிப்படுத்தியது தெரிந்தது. அவருக்கே கை தடுமாறிய இடம் அது. நீங்கள் கையை விட்டுவிட்டு முகத்தோடும் தோளோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.


மஸ்கெலியா_ஷிப்ட் எழுதியது:

மகாவலிக்கரை அண்ணன் சொன்ன கண்ணாடிக் கணக்கு எனக்குப் புதிது, இப்போதே அளந்து பார்த்தேன், சரிதான். ஆனால் போட்டோ பக்கம் பேச இங்கே ஒருவராவது வேண்டும்.

நான் ஸ்டோரில் இரவு ஷிப்ட், கொழுந்து வாட்டுகிற பக்கம். காலையில் வந்து படுத்தால் மத்தியானம்தான் எழும்புவேன், எழும்பும்போது வெளியே மழை, உள்ளே இருட்டு. எனக்குப் போட்டோ இல்லையென்றால் ஓவியமே இல்லை. குறுக்கு வழி என்று மிஸ் சொன்னாராம், அப்படியென்றால் 1967, 68 இல் அமெரிக்க ஓவியர் சக் க்ளோஸ் தன் முகத்தை ஒன்பது அடி உயரத்துக்குக் கறுப்பு வெள்ளையில் வரைந்தது என்ன? அது அக்ரிலிக், எண்ணெய் இல்லை, இருந்தாலும் போட்டோவில் கட்டம் போட்டு வரைந்ததுதான். லென்ஸ் எங்கே மங்கலாக்கியதோ அங்கே அவரும் மங்கலாகவே வரைந்தார். போட்டோவை ஒளிக்கவில்லை, போட்டோ எப்படிப் பார்க்கிறது என்பதையே வரைந்தார். லண்டன் ஓவியர் பிரான்சிஸ் பேகன் ஆளை எதிரில் உட்கார வைக்காமல் போட்டோக்களை வைத்துத்தான் எத்தனையோ முகங்களைச் செய்தார். அதே லண்டனில் அவருடைய நண்பர் லூசியன் ப்ராய்ட் ஆளை மாதக்கணக்கில் எதிரில் உட்கார வைத்து வரைந்தார். இரண்டு பேரையும் யார் குறை சொல்ல முடியும்?

உங்கள் முதல் படத்தின் பிழை போட்டோவில் இல்லை தங்கச்சி, செல்பியில். கையை நீட்டி எடுத்தால் போன் முகத்துக்கு ஒரு அடி, ஒன்றரை அடியில் இருக்கும், அந்தக் கிட்டத்தில் மூக்கு லென்ஸுக்குப் பக்கம், காது தூரம், ஆகவே மூக்கு வீங்கும், காது பின்னால் ஓடும். 2018 இல் அமெரிக்காவில் மருத்துவர்கள் செய்த ஒரு கணக்கில், 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு 5 அடியில் எடுத்ததைவிட 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று வந்தது. நீங்கள் அந்த மூக்கைக் கட்டம் போட்டு மில்லிமீற்றர் பிசகாமல் கேன்வஸில் ஏற்றியிருப்பீர்கள்.

நான் செய்வது இப்படி. போனை ஆறு அடி தள்ளி அலுமாரியில் என் கண் உயரத்துக்கு வைத்து, பின் கேமராவில் இரண்டு மடங்கு சூம், டைமர் 10 செக்கன். பியூட்டி, ஃபில்டர் எல்லாம் நிறுத்திவிட வேண்டும். ஒரு வெள்ளைத் தாளைக் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், தாள் மஞ்சளாகத் தெரிகிறதா நீலமாகத் தெரிகிறதா என்று வைத்து கேமரா எவ்வளவு பொய் சொல்கிறது என்று பிடித்துவிடலாம். அப்புறம் ஒரே இடத்தில் நின்று, வெளிச்சப் பக்கத்துக்கு ஒரு படம், நிழல் பக்கம் திறந்து தெரிகிற மாதிரி ஒரு படம். ஒரே படத்தில் கேமராவுக்கு இரண்டும் சேர்ந்து வராது, நிழலை மொத்தமாகக் கறுப்பில் தள்ளிவிடும். அந்தக் கறுப்பை நம்பி வரைகிறவர்களின் படத்தில்தான் முகத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது சுய உருவப்படம் இல்லை, ஆனாலும் இதற்குப் பக்கத்தில் உள்ளது. எங்கள் அப்பாயியின் தங்கை, தோட்டத் தமிழர்களை இலங்கையும் இந்தியாவும் பிரித்துக்கொண்ட 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் பேர் வந்து குடும்பத்தோடு போனவர். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தில் ஒரு பிரதியை அப்பாயியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், தலைமன்னாரில் கப்பல் ஏறிய பிறகு அந்தப் படம் மட்டும்தான் எங்களிடம். தீப்பெட்டியில் பாதி அளவு, கறுப்பு வெள்ளை, ஒரு மூலை கரையான் தின்றது. போன வருஷம் அப்பாயி கேட்டார் என்று அதைப் பெரிதாக வரைந்தேன். உருவம் போட்டோவில் இருக்கிறது, நிறம்? யாருக்குத் தெரியும்? கடைசியில் ஒரு கண்ணாடியைப் பக்கத்தில் வைத்து என் முகத்தையும் அப்பாயியின் கையையும் பார்த்துக் கலந்தேன். நெற்றியில் என் நிறம், கழுத்தில் அப்பாயியின் நிறம். படத்தைக் கொடுத்தபோது அப்பாயி நெற்றியைத்தான் தொட்டார், "இது அவதான்" என்றார். போட்டோ இல்லையென்றால் அந்த முகம் இல்லை. ஆகவே தயவுசெய்து போட்டோவைத் தாழ்த்திப் பேசாதீர்கள்.


நானுஓயா_மிஸ் எழுதியது:

இரண்டு பேரும் வெளிச்சம் பற்றி எழுதிவிட்டீர்கள், நான் காய்வதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் குளிரில் பிள்ளைகள் மனம் விடுவது அங்கேதான்.

எண்ணெய் வர்ணம் தண்ணீர் வற்றுகிற மாதிரிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. குளிரும் ஈரமும் அதைத் தாமதிக்கும், கொழும்பில் மூன்று நாளில் தொடக்கூடிய படம் நுவரெலியாப் பக்கம் ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். கிழமைக்கு ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமையில் வேலை செய்கிற உங்களுக்கு அது நல்லதுதான். முதல் படையை ரோ அம்பர், பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வர்ணங்களில் டர்பன்டைன் கலந்து மெல்லிதாகப் போடுங்கள், அம்பரில் உள்ள மங்கனீசு அதைச் சீக்கிரம் காயவைக்கும். மேலே போகப் போக எண்ணெயைக் கூட்டுங்கள். இதை மாற்றிச் செய்தால் மேல் படை முதலில் இறுகி, கீழ்ப் படை நகர நகர வெடித்துவிடும். ஐவரி கறுப்பை அடியில் தடிப்பாகப் போடுவதும் அதே ஆபத்து, அது காயவே காயாது.

டர்பன்டைன் கிடைக்கவில்லை என்று மண்ணெண்ணெய் கலக்கிற பழக்கம் இங்கே இருக்கிறது, வேண்டாம், அது சீக்கிரம் ஆவியாகாமல் படையில் பிசுக்கை விட்டுவிடும். காம்பராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு டர்பன்டைனைத் திறக்காதீர்கள், தலை சுற்றும், சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் மோசம். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி அடுப்பங்கரை மூலையில் எறிந்துவிடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, விறகுக்குப் பக்கத்தில் என்றால் சொல்லவே வேண்டாம். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றி மூடிய டின்னில் போடுங்கள்.

சரி எது குறுக்கு வழி என்ற கேள்விக்கு நான் வரவில்லை. நானும் சித்திர மிஸ்தான், வகுப்பில் அந்த வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். மஸ்கெலியாத் தம்பி எழுதியதைப் படித்த பிறகு இனிமேல் சொல்ல மாட்டேன்.


மகாவலிக்கரை எழுதியது:

தம்பி, உங்கள் அப்பாயி கதையை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் போட்டோவுக்காகப் பேசிவிட்டு நிறத்துக்குக் கண்ணாடியிடம்தானே போயிருக்கிறீர்கள். நான் சொல்ல வந்ததும் அதுதான், உங்களுக்குத்தான் நன்றாகச் சொல்ல வந்திருக்கிறது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நம் நாட்டில் போட்டோவும் ஓவியமும் பகையாக இருந்ததே இல்லை. 1943 இல் கொழும்பில் புது ஓவியர்களை ஒன்றாக்கி 43 குழுவைத் தொடங்கி வைத்த லயனல் வென்ட் ஒரு போட்டோகிராபர். அந்தக் குழுவில் இருந்த ஜோர்ஜ் கீட் எங்கள் கண்டியில் பிறந்தவர். தங்கச்சி கொழும்புப் பக்கம் போனால் பார்ன்ஸ் பிளேஸில் ஹரி பீரிஸ் இருந்த வீட்டில், இப்போது சபுமல் பவுண்டேஷன், அந்தக் குழுவினரின் படங்கள் சுவரில் தொங்குகின்றன, பெரிய கலைக்கூடம் மாதிரி இல்லை, ஒரு வீட்டுக்குள் நடந்து பார்க்கிற மாதிரி இருக்கும். வர்ணம் எவ்வளவு தடிப்பு, பிரஷ் எந்தப் பக்கம் இழுத்தது என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும், அதைப் போன் திரையில் பார்க்கவே முடியாது.

ஆனால் உங்களுக்கு மட்டும், அந்த ஸ்டூடியோ வேலை இருப்பதால், இந்த ஒரு படத்தை முடிக்கும் வரை போட்டோவைத் திறக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். கண் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்.


இஸ்தோப்பு_வெளிச்சம் எழுதியது:

ஆறு ஞாயிறும் ஒரு போயாவும் ஆகிவிட்டது, அதனால்தான் பதில் எழுதத் தாமதம். எல்லோருக்கும் நன்றி.

மகாவலிக்கரை அண்ணன் சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன். உருவத்துக்கு மஸ்கெலியா அண்ணன் சொன்னபடி ஆறு அடியில் போனை வைத்து ஒரு படம் எடுத்து, தாளில் கறுப்பு வெள்ளையாக மட்டும் பிரின்ட் போட்டு, அதிலிருந்து கண்ணுக்கும் நாடிக்கும் உள்ள தூரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தத் தாளை ஒளித்து வைத்துவிட்டேன். நிறம் இல்லாத படம் என்னை ஏமாற்றாது என்று நினைத்தேன், அது சரியாக இருந்தது. மற்றதெல்லாம் கண்ணாடி. கண்ணாடியை ஜன்னல் பக்கத்தில் ஆணியடித்து மாட்ட அப்பா உதவினார், சவர்க்காரப் புள்ளி மூன்றும் இன்னும் இருக்கிறது, அம்மா தலை சீவும்போது அழிந்துவிடாமல் ஒதுங்கி நின்று சீவுகிறார்.

நைஃபைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்த அந்த முதல் நாள் மறக்காது. நான் கலந்து வைத்திருந்தது என் கன்னத்தைவிட எவ்வளவோ வெளுப்பு. சியன்னா சேர்த்தேன், இன்னும் வெளுப்பு. மறுபடியும் சேர்த்தேன். நாலாவது தடவைதான் நைஃப் நுனியில் இருந்த வர்ணம் கன்னத்துக்குள் காணாமல் போனது. அப்போது கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

பிறகு ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். எங்கள் காம்பராச் சுவர் நீலம். நிழல் பக்கக் கன்னத்தில், காதுக்குக் கீழே தாடை வளைகிற இடத்தில், அந்த நீலம் விழுகிறது. நிறைய இல்லை, ஒரு விரல் அகலம். மண்ணிறமும் நீலமும் கலந்து அங்கே ஒரு மாதிரிப் பச்சை தெரிகிறது, வாடின கொழுந்தின் அடிப்பக்கம் மாதிரி. நாடிக்குக் கீழே நான் போட்டிருந்த சிவப்பு ஸ்வெட்டரின் சிவப்பு ஏறியிருக்கிறது. ஸ்டூடியோவில் இந்த மாதிரி நிற ஓட்டம் ஒரு படத்தில் வந்தால் கோளாறு என்று நினைத்து முதல் வேலையாக எடுத்துவிடுவேன். இப்போது அதையே ஒரு முழுக் காலையும் இருந்து வைத்தேன். அது வந்த பிறகுதான் முகம் அந்த அறைக்குள் வந்தது, அதுவரை தாளில் வெட்டி ஒட்டின மாதிரி இருந்தது.

கண் இன்னும் கொஞ்சம் முறைக்கிறது. ஆனால் ஒரே காரியத்தை ஒன்றரை மணித்தியாலம் உற்றுப் பார்க்கிறவள் அப்படித்தானே இருப்பாள் என்று விட்டுவிட்டேன். அம்மா இந்தத் தடவை வெள்ளை என்று சொல்லவில்லை, "தலைய இன்னும் நல்லா சீவியிருக்கலாம்" என்றார்.

ஸ்டூடியோவில் இப்போது கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் வெளுப்பாக்கிக் கொடுக்கிறேன். முதலாளி இன்னும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு கேள்வி மிச்சம். முடியும் கழுத்து நிழலும், அம்பர் போட்ட இடமெல்லாம், காய்ந்த பிறகு மங்கிச் சுண்ணாம்பு பூத்த மாதிரி நிற்கிறது. பக்கத்தில் உள்ள இடம் பளபளப்பாக இருக்கிறது. அதன் மேல் நிறத்தைச் சேர்க்கப் போனால் சரியான இருட்டு எது என்றே தெரியவில்லை. இடது காதும் இன்னும் வரைய இருக்கிறது. என்ன செய்வது?


நானுஓயா_மிஸ் எழுதியது:

அது எண்ணெய் கீழே இறங்கிவிட்டது, அம்பர் எண்ணெயை நிறையக் குடிக்கும், பயப்பட வேண்டாம். தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காய்ந்திருந்தால் ஆளிவிதை எண்ணெயில் ஒரு துளியும் டர்பன்டைனில் ஒரு துளியும் எடுத்து, மங்கின இடத்தில் மட்டும் துணியால் மெல்லிதாகத் தேய்த்து, ஐந்து நிமிஷம் விட்டு, மிச்சத்தை வேறு துணியால் முழுக்கத் துடைத்து எடுத்துவிடுங்கள். ஈரமாக இருந்தபோது எப்படி இருட்டாக இருந்ததோ அந்த நிறம் திரும்பி வந்துவிடும், அன்றைக்கே அதன் மேல் வேலை செய்யலாம். எண்ணெயைத் தேங்க விடாதீர்கள், மஞ்சளாகிவிடும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள், எங்கள் குளிரில் அதைவிடக் கூடவே விடுங்கள்.

காதை அந்த எண்ணெய் தடவிய பிறகு தொடங்குங்கள், நீலச் சுவரின் நிறம் அதன் பின் விளிம்பிலும் விழுந்திருக்கும், பாருங்கள்.